ரூ.18,500 போனது, அப்பாவின் கணினிக்கு இருந்த குரலும் போனது: பழைய கணினி வைத்திருப்பவர்கள் படித்துவிடுங்கள்

இரவு பதினொரு மணிக்கு இதை எழுதுகிறேன். இன்று பிற்பகல் புதுச்சேரியில் ஒரு கடை வாசலில் ஒன்றரை மணி நேரம் நிற்க வைத்தார்கள். பிறகு, "பழைய சாமானுக்கெல்லாம் நாங்கள் பொறுப்பு ஏற்க முடியாது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பதினெட்டாயிரத்து ஐந்நூறு ரூபாயை எண்ணி வாங்கிக்கொண்ட அதே கடைதான். பஸ்ஸில் கடலூர் வந்து சேரும் வரை எனக்கு வயிறு எரிந்துகொண்டே இருந்தது.

புகார் கொடுக்கப் போவதால் கடையின் பெயரை எழுதவில்லை. பழைய ரேடியோ, டேப் ரெக்கார்டர், கேமரா, கணினி எல்லாவற்றுக்கும் உயிர் கொடுப்பதாக வீடியோ போட்டு ஆள் பிடிக்கும் கடை என்பது மட்டும் போதும்.

எங்கள் வீட்டில் இருப்பது கமடோர் 64. 1982-இல் அமெரிக்காவில் வெளிவந்த வீட்டுக் கணினி. விசைப்பலகைக்குள்ளேயே முழுக் கணினியும் இருக்கும். டிவியில் இணைத்துக்கொள்ள வேண்டும். 1986-இல் சிங்கப்பூரில் வேலை பார்த்த பெரியப்பா வாங்கி வந்தார். அப்போது எனக்குப் பத்து வயது. மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருவில் பாதிப் பேர் அதை வேடிக்கை பார்க்க வந்தார்கள். அப்பா கூட்டுறவு வங்கியில் எழுத்தர். கணினி பற்றி எதுவும் தெரியாதவர், கூடவே வந்த கையேட்டை அகராதி வைத்துக்கொண்டு படித்து 'பேசிக்' என்ற நிரல் மொழியைக் கற்றுக்கொண்டார்.

அந்தக் கணினியில் ஒலிக்கென்றே தனியாக ஒரு சிப் உண்டு. பெயர் சிட், எண் 6581. பாப் யானஸ் என்ற பொறியாளர் வடிவமைத்தது. ஒரே நேரத்தில் மூன்று குரல்களில் ஒலிக்கும். அப்பாவுக்குச் சங்கீதம் தெரியும். கையேட்டின் பின்பக்க அட்டவணையைப் பார்த்து ஒவ்வொரு சுரத்துக்கும் இரண்டு எண்களைக் கண்டுபிடித்து ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதினார். 'ஸ' என்ற எழுத்துக்கு நேரே 16, 195 என்று பச்சை மையில் எழுதியிருப்பது இன்றும் இருக்கிறது. 54272 என்ற நினைவக முகவரி தொடங்கி அந்த எண்களை ஒவ்வொன்றாக, நினைவகத்தில் எண்ணை வைக்கும் 'போக்' என்ற கட்டளையில் கொடுத்து, மாயாமாளவகௌளையில் சரளி வரிசை முழுவதையும் அந்தப் பெட்டியைப் பாட வைத்தார். நான் பாட்டு கற்றுக்கொண்டதே அதோடு சேர்ந்து பாடித்தான். அந்த நிரல் ஒரு கேசட்டில் இருக்கிறது.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோது எங்கள் கூடத்து ஓடுகள் பறந்தன. அப்பா முதலில் தூக்கிக்கொண்டு ஓடியது இந்தப் பெட்டியைத்தான். இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்தக் கடைக்காரர்களிடமும் இதை அப்படியே சொன்னேன். அவர்கள் யாரிடமிருந்து எதை எடுத்தோம் என்று தெரிந்தேதான் எடுத்தார்கள்.

இந்த ஆண்டு அப்பாவுக்கு 82 வயது. பிறந்தநாளுக்கு அந்தச் சரளி வரிசையை மறுபடி கேட்க வேண்டும் என்றார். கணினியை டிவியில் இணைத்தோம். சிவப்பு விளக்கு எரிந்தது, திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. தெரிந்தவர்கள் யாரும் தொடத் துணியவில்லை. அப்போதுதான் அந்தக் கடையின் வீடியோ கண்ணில் பட்டது.

போன மாதம் 6-ஆம் தேதி எடுத்துக்கொண்டு போனேன். முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு தம்பி. மூடியைத் திறந்ததும் ஒவ்வொரு சிப்பின் மீதும் விரலை வைத்துச் சூடு பார்த்தார். "அக்கா, கடலூர் கடல் காற்று. உப்பு பிடித்துச் சாக்கெட் கால்கள் பச்சை பூத்துவிட்டன, பாருங்கள்" என்று காட்டினார். உண்மையிலேயே பூத்திருந்தது. தொழில் தெரிந்த கை என்று அந்த நொடியில் நம்பிவிட்டேன். அப்பாவின் நோட்டைக் காட்டினேன். அதை வாங்கி, பச்சை மை எண்களை விரலால் தடவிப் பார்த்து, "இது பொக்கிஷம் அக்கா. என் சொந்தப் பொருளாக நினைத்துச் செய்து தருகிறேன்" என்றார். எனக்குக் கண் கலங்கியது. முன்பணம் 4,000 ரூபாயை ரொக்கமாகக் கொடுத்தேன். ரசீது கேட்கவே தோன்றவில்லை. பெட்டியை விட்டுவிட்டு வந்தேன்.

பத்து நாள் கழித்து அழைப்பு. பிஎல்ஏ என்ற சிப் போய்விட்டது, வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும், 9,500 ரூபாய் அனுப்புங்கள் என்றார்கள். கமடோர் 64-இல் திரை கறுப்பாக இருந்தால் முதலில் சந்தேகப்படும் சிப்களில் அதுவும் ஒன்று; இணையத்தில் தேடியபோது அப்படித்தான் இருந்தது. அதனால் இன்னும் நம்பினேன். அனுப்பினேன். கடந்த சனிக்கிழமை பெட்டியை வாங்கப் போனபோது, புது அடாப்டருக்கும் கூலிக்கும் என்று இன்னும் 5,000. மொத்தம் 18,500 ரூபாய். இம்முறை கேட்டு வாங்கிய ரசீது, நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாள். 'கம்ப்யூட்டர் ரிப்பேர் 18,500' என்று ஒரே வரி. கடைப் பெயர் இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லை.

கடையில் இயக்கிக் காட்டினார்கள். நீலத் திரை வந்தது. '38911 பேசிக் பைட்ஸ் ஃப்ரீ' என்ற வரியை முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு பார்த்தபோது எனக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை. இப்போது நினைத்துப் பார்த்தால் எல்லாம் கண்ணெதிரேதான் நடந்திருக்கிறது. டிவியில் படத்துக்கான மஞ்சள் கம்பியை மட்டும் செருகியிருந்தார்கள். ஒலிக்கான வெள்ளைக் கம்பி மேசையோரம் தொங்கிக்கொண்டிருந்தது. மின்சாரமும் அவர்கள் மேசையில் இருந்த வேறொரு கருவியிலிருந்து வந்தது. எங்கள் அடாப்டர் பைக்குள் கட்டித் தயாராக இருந்தது.

அன்று மாலை அப்பா குளித்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கேசட்டைப் போட்டோம். நிரல் ஏற சில நிமிடங்கள் ஆகும். ஏறியது. இயக்கினோம். ஸ ரி க ம என்று திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக ஓடின. சத்தம் இல்லை. அப்பா காதில் கருவி வைத்திருக்கிறார். அதைக் கழற்றி, பேட்டரியை மாற்றி, மறுபடி மாட்டிக்கொண்டு, "இன்னொரு தடவை போடும்மா" என்றார். மறுபடி போட்டேன். "என் காதுதான் முழுசாகப் போய்விட்டது போலிருக்கிறது" என்றார்.

எனக்கும் கேட்கவில்லை என்று அவரிடம் சொல்லவே எனக்குச் சிறிது நேரம் பிடித்தது. இந்தப் பதிவை எழுத வைத்தது பணம் மட்டும் இல்லை. அந்தப் பேட்டரியை மாற்றிய கை.

திங்கட்கிழமை காலை தொலைபேசியில் அழைத்தேன். "உங்கள் டிவியில் ஸ்பீக்கர் போயிருக்கும்." அதே டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. மதியம் அழைத்தேன். "தம்பி திருமணத்துக்குப் போயிருக்கிறார்." மாலையில் அனுப்பிய செய்தியைப் படித்துவிட்டார்கள், பதில் இல்லை. செவ்வாய்க்கிழமை காலை மறுபடி இயக்கியபோது திரையும் கறுப்பாகிவிட்டது.

பக்கத்து வீட்டு மாமா நெய்வேலியில் கருவிகள் பராமரிப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். செவ்வாய் மாலை மல்டிமீட்டரோடு வந்தார். அவர் முதலில் கணினியைத் தொடவே இல்லை. அடாப்டரின் முனையில் வைத்து அளந்தார். இந்தக் கணினிக்கு அடாப்டரிலிருந்து இரண்டு வகை மின்சாரம் போகிறது: 5 வோல்ட் நேர் மின்சாரம், 9 வோல்ட் மாறு மின்சாரம். ஐந்து இருக்க வேண்டிய இடத்தில் 6.2 காட்டியது. இந்தப் பழைய அடாப்டர்களில் உள்ளே இருக்கும் ரெகுலேட்டர் கெட்டால் வோல்ட் குறையாமல் ஏறிவிடுமாம். ஏறினால் நினைவக சிப்கள்தான் முதலில் பலியாகும் என்றார். அடாப்டரின் உள்ளே பிசின் ஊற்றி இறுக்கியிருப்பதால் திறந்து சரிசெய்யவும் முடியாது, மாற்றத்தான் வேண்டும். 'புது அடாப்டர்' மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை உரித்தார். 86 என்று அப்பா காம்பஸ் முனையால் கீறிய எண் அடியில் இருந்தது. எங்கள் பழைய அடாப்டரையே துடைத்து, ஸ்டிக்கர் ஒட்டி, காசு வாங்கியிருக்கிறார்கள்.

பிறகு மூடியைத் திறந்தோம். பொங்கலுக்கு வந்த அக்கா மகன் ஆசைப்பட்டு உள்ளே படம் எடுத்து வைத்திருந்தான். அதை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஒப்பிட்டோம். 9,500 ரூபாய்க்கு வெளிநாட்டிலிருந்து வந்ததாகச் சொன்ன பிஎல்ஏ, படத்தில் இருக்கும் அதே பழைய சிப், அதே எண்கள். எட்டு நினைவக சிப்களில் ஒன்றுக்கு மட்டும் புது சால்டர் பளபளத்தது. அவர்கள் உண்மையில் செய்த வேலை அந்த ஒரு சிப் மட்டும்தான். அதுவும் விலை உயர்ந்த பொருள் இல்லை. அதையும் அந்த அடாப்டர் மூன்றே நாளில் மறுபடி கொன்றுவிட்டது. தொழில் தெரிந்தவர்கள், அடாப்டர் கெட்டிருப்பது தெரியாமல் இருந்திருக்காது. தெரிந்ததால்தான் கடையில் அதைச் செருகவில்லை.

சிட் சிப் இருந்த இடத்திலும் ஒரு சிப் இருந்தது. மேலே 6581 என்றே அச்சிட்டிருந்தது, ஆனால் அடுத்த வரியில் இருந்த எண் எங்கள் படத்தில் இருப்பது இல்லை. மாமா என் மகளின் நகச்சாயம் நீக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டு மெல்லத் தேய்த்தார். எழுத்து முழுவதும் பஞ்சோடு வந்துவிட்டது. அடியில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த கீறல்கள். ஏதோ ஒரு 28 கால் சிப்பை எடுத்து, பெயரைச் சுரண்டி, புதுப் பெயர் எழுதிச் செருகியிருக்கிறார்கள். நல்ல 6581 இயங்கும்போது தொட்டால் நன்றாகச் சுடும். இது, மின்சாரம் கொடுத்துக் கால் மணி நேரம் ஆகியும் குளிர்ந்தே கிடந்தது. சிட் இல்லாமலேயே இந்தக் கணினியில் நீலத் திரை வந்துவிடும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. வெள்ளைக் கம்பி ஏன் தொங்கியது என்பதும்.

கமடோர் நிறுவனம் 1994-லேயே மூடப்பட்டுவிட்டது. அந்த சிப்பை இனி யாரும் செய்வதில்லை; சேகரிப்பவர்கள் நல்ல விலை கொடுத்துத் தேடுகிறார்கள். அந்த சிப்பைப் பிடுங்கிக்கொண்டு, மேலே 18,500 ரூபாயையும் வாங்கியிருக்கிறார்கள்.

இன்று நேரில் போனேன். முதலில் தம்பி இல்லை என்றார்கள். உள்ளிருந்து அவர் குரல் கேட்டது. ஒன்றரை மணி நேரம் கழித்து வெளியே வந்து, என் முகத்தைப் பார்க்காமல், "நீங்கள் வீட்டில் திறந்து ஏதோ மாற்றியிருக்கிறீர்கள்" என்றார். படத்தைக் காட்டினேன். "இது உங்கள் கணினிதான் என்பதற்கு என்ன ஆதாரம்?" என்றார். ஒரு மாதம் முன்பு என்னை அக்கா அக்கா என்று அழைத்த வாய். வாய் கூசவில்லை. கண் கலங்கி நின்ற என்னைச் சுற்றி வந்து ஷட்டரைப் பாதி இறக்கினார்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன். இப்போது முடியவில்லை, தலை வலிக்கிறது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெட்டியைக் கொடுப்பதற்கு முன் அவர்கள் கண்ணெதிரேயே திறந்து, ஒவ்வொரு சிப்பின் எண்ணும் தெரியும்படி படம் எடுங்கள். பழைய அடாப்டரை அளக்காமல் எந்தக் கணினியிலும் செருகாதீர்கள். திரும்ப வாங்கும்போது உங்கள் அடாப்டரிலேயே, படத்தோடு சத்தமும் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். மாற்றியதாகச் சொல்லும் பழைய பாகத்தைக் கையில் கேட்டு வாங்குங்கள். ரசீது இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915. நாளை காலை அழைக்கிறேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்பதால் கடலூரிலேயே கொடுப்போம் என்று மாமா சொல்லியிருக்கிறார்.

கடைசியாக ஒரு உதவி. எங்கள் சிட் சிப்பில் 6581 என்ற எண்ணுக்குக் கீழே 3384 என்று இருக்கும். 1984-ஆம் ஆண்டின் 33-ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். இடது ஓரத்தில் ஒரு சிறு பச்சை மைப் புள்ளி இருக்கிறது, அப்பா வைத்தது. புதுச்சேரி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலோ, இணைய விற்பனையிலோ, எங்காவது அது உங்கள் கண்ணில் பட்டால் தயவுசெய்து எனக்குச் செய்தி அனுப்புங்கள். கேட்கும் விலையைக் கொடுத்து வாங்கிக்கொள்கிறேன்.