லேண்ட் குரூசர் 80: முழுநேர நான்கு சக்கர இயக்கத்தைப் பகுதிநேரமாக மாற்றிய பிறகு

எப்போதும் நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டியை, வேண்டும்போது மட்டும் முன்சக்கரங்களும் இழுக்கும்படி மாற்றினால் டீசல் மிச்சமாகும் என்ற நம்பிக்கையில் இந்த வேலையில் இறங்க நினைப்பவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு எதுவும் மிச்சமாகவில்லை. கூரைமேல் இருக்கும் சாமான் தட்டைக் கழற்றினால் இதைவிட அதிகம் மிச்சமாகிறது. ஆஸ்திரேலியாவின் நல்லார்பர் சமவெளியில் எதிர்க்காற்று வீசும் ஒரு நாள் போதும், மிச்சம் பிடித்த கணக்கெல்லாம் பறந்துவிடும்.

வண்டி பெர்த்தில் இருக்கிறது. 1990களின் டொயோட்டா லேண்ட் குரூசர் 80 சீரீஸ், 4.2 லிட்டர் டர்போ டீசல், கையால் மாற்றும் கியர். இன்ஜினின் விசையை முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸில் எண்ணெய் கசிந்ததால் அதை எப்படியும் இறக்கிப் பிரிக்க வேண்டியிருந்தது. பிரித்தபோது, முன்னச்சும் பின்னச்சும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம்தரும் நடு டிஃபரன்ஷியலில் தேய்மானம் தெரிந்தது. அதே உதிரிபாகத்தைத் தேடிப் போடுவதா, பகுதிநேர இயக்கத்துக்கான உதிரித்தொகுப்பை வாங்கிப் போடுவதா என்று யோசித்து, இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன்.

வேலை இரண்டு இடங்களில் நடக்கிறது. நடு டிஃபரன்ஷியலை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பல்சக்கரச் சுழற்சி எதுவும் இல்லாத திடமான ஓர் உருளையைப் பொருத்துகிறார்கள். அதன்பின் இன்ஜினின் விசை நேராகப் பின்னச்சுக்குப் போகிறது. முன்பு நடு டிஃபரன்ஷியலைப் பூட்டுவதற்கு இருந்த பொத்தான், இப்போது முன்னச்சை இணைக்கும் பொத்தானாகிவிடுகிறது. முன்சக்கரங்களை அச்சோடு எப்போதும் பிணைத்து வைக்கும் டிரைவ் ஃபிளாஞ்சுகளுக்குப் பதிலாக, அந்தப் பிணைப்பைக் கையால் திருகிப் பூட்டவும் விடுவிக்கவும் முடிகிற ஹப்கள் வருகின்றன. ஃபிளாஞ்சைக் கழற்றும்போது பொறுமை வேண்டும். ஆறு நட்டுகளையும் எடுத்த பிறகும் கூம்பு வடிவ வாஷர்கள் தங்கள் துளைகளில் இறுகிப் பிடித்துக்கொண்டிருக்கும். பித்தளைச் சுத்தியலால் ஃபிளாஞ்சைச் சுற்றிலும் தட்டிக்கொண்டே வந்தால் ஒவ்வொன்றாகத் துள்ளி வெளியே வரும். இரும்புச் சுத்தியலால் போல்ட்டின் முனையில் அடிப்பவர்களுக்குப் புதிய போல்ட் வாங்கும் செலவும் சேர்ந்துகொள்ளும்.

முதல் நாளே தெரிந்த மாற்றம், ஸ்டீயரிங் லேசானது. வாகன நிறுத்தத்தில் முழுதாக ஒடித்துத் திருப்பும்போது வந்துகொண்டிருந்த, சக்கரம் திரும்பியிருந்தாலும் அதற்குச் சுழற்சியைக் கடத்தும் சி.வி. ஜாயிண்டின் 'கடக் கடக்' சத்தமும் நின்றுவிட்டது. நோய் தீரவில்லை, நோயாளி பேசுவதை நிறுத்திக்கொண்டார், அவ்வளவுதான். ஹப்பைப் பூட்டி மணலில் இறங்கினால் அதே சத்தம் திரும்பவும் கேட்கும். ஆக்சிலரேட்டரை விட்டு மறுபடி மிதிக்கும்போது அடியில் 'டொக்' என்று இடிக்கும் தளர்வும் குறைந்திருக்கிறது. ஆனால் அந்த இடிக்காக மட்டும் இத்தனை செலவு செய்ய வேண்டாம். பல வண்டிகளில் அதற்குக் காரணம் டிரைவ் ஃபிளாஞ்சின் உட்பற்கள் தேய்ந்திருப்பதுதான். முதலில் புது ஃபிளாஞ்சு போட்டுப் பாருங்கள்.

நான் மிகவும் விரும்பும் பலனை யாரும் விளம்பரத்தில் எழுதுவதில்லை. ஹப்பைப் பூட்டாமல் குறைவேகக் கியரைப் போட்டால், பின்சக்கரங்கள் மட்டுமே நத்தை வேகத்தில் இயங்கும். படகு டிரெய்லரை வீட்டுச் சரிவில் வளைத்துப் பின்னே தள்ளும்போது கிளட்ச் கருகுவதில்லை. பழைய ஏற்பாட்டில் குறைவேகக் கியருக்குப் போனாலே நடு டிஃபரன்ஷியல் பூட்டிக்கொள்ளும், கான்கிரீட் தரையில் டயர்கள் தேய்ந்து முனகும். முன் சி.வி. ஜாயிண்ட் காட்டில் உடைந்தாலும், இரண்டு ஹப்களையும் விடுவித்துவிட்டுப் பின்சக்கர இயக்கத்திலேயே ஊர் வந்து சேரலாம் என்ற தைரியமும் இருக்கிறது.

இழப்பு மழையில் தெரிகிறது. கோடை முழுக்கக் காய்ந்து எண்ணெய் படிந்த பெர்த் சாலையில் முதல் மழை விழும்போது, ரவுண்டானாவில் டர்போ விழித்துக்கொண்டால் வண்டியின் பின்பக்கம் நழுவப் பார்க்கிறது. முன்பு இந்த வண்டி அப்படிச் செய்ததே இல்லை. அங்கே நான்கு சக்கர இயக்கத்தைப் போடவும் முடியாது. நடு டிஃபரன்ஷியல் இல்லாததால், பிடிப்புள்ள தார்ச் சாலையில் திருப்பும்போது முன்னச்சும் பின்னச்சும் ஒன்றையொன்று முறுக்கும். டிரெய்லர் இழுத்துக்கொண்டு ஈரச் சாலையில் மேடேறும்போதுதான் பழைய ஏற்பாட்டின் அருமை புரிகிறது.

சரளைச் சாலையில் நிலைமை அவ்வளவு மோசமில்லை. டார்லிங் மலைத்தொடர்ப் பக்கம் பட்டாணி அளவில் உருண்டையான சரளை கிடக்கும். அதில் பின்சக்கர இயக்கத்தோடு போவது குண்டுமணிமேல் நடப்பதற்குச் சமம் என்று பயமுறுத்துவார்கள். வீட்டிலிருந்து கிளம்பும்போதே ஹப்களைப் பூட்டிவிட்டு, தார்ச் சாலையில் பின்சக்கர இயக்கத்திலேயே ஓட்டுகிறேன். ஹப் பூட்டியிருந்தாலும் பொத்தானை அழுத்தாதவரை தீங்கில்லை. சரளை தொடங்கியதும் நேரான இடத்தில் பொத்தானை அழுத்துகிறேன். பிடி கிடைக்கிறது, ஆனால் குறுகிய வளைவில் மூக்கு வெளிப்பக்கம் தள்ளும். தாரும் சரளையும் மாறி மாறி வரும் பாதையில் பொத்தானோடு மல்லுக்கட்டுவது எரிச்சல்தான்.

பராமரிப்பு அதிகமில்லை. பின் டயர்கள் சீக்கிரம் தேய்கின்றன, ஆகவே இடம் மாற்றிப் போடுவதைத் தள்ளிப்போடக் கூடாது. மாதம் ஒரு முறையாவது ஹப்களைப் பூட்டிச் சிறிது தூரம் ஓட்டினால் முன்னச்சின் உள்ளே எண்ணெய்ப் பசை பரவும். செம்மண் தூசி ஹப்பின் திருகு விளிம்பில் இறுகிவிடும், துடைத்துவிட்டுத் திருப்புங்கள், இடுக்கி வைத்து முறுக்காதீர்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். வண்டியை வேறு யாரிடமாவது கொடுக்கும்போது, டாஷ்போர்டில் நான்கு சக்கர இயக்கத்தின் விளக்கு எரிந்தாலும் ஹப் பூட்டாவிட்டால் முன்சக்கரம் இழுக்காது என்பதைச் சொல்லிக் கொடுங்கள். என் மனைவி, "முன்பு இதையெல்லாம் வண்டியே பார்த்துக்கொண்டதே" என்கிறாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

டர்போ இல்லாத டீசல், பெரும்பாலும் நேரான நெடுஞ்சாலை, அவ்வப்போது மணல் என்று ஓடும் வண்டிக்கு இது பொருந்தும். மழை அதிகமுள்ள ஆல்பனிப் பக்கம் குடிபோக நேர்ந்தால், நல்ல நிலையிலுள்ள ஒரு நடு டிஃபரன்ஷியலை வாங்கித் திரும்பப் பொருத்திவிடுவேன். ஹப்கள் அப்படியே இருக்கட்டும். பூட்டியே வைத்தால் பழைய முழுநேர வண்டிதான்.