கதவில் மாட்டும் தோள்பட்டை புல்லி: 14 மாதத்துக்குப் பிறகு

போன வாரம் காசிமேட்டு வலைக்கடையில் நாலு மீட்டர் நைலான் கயிறு வாங்கி வந்து, தோள் பயிற்சிக்கு வைத்திருக்கும் புல்லிக்கு (கப்பிக்கு) கயிறு மாற்றினேன். பழையது சக்கரத்தில் உரசி நார் நாராகப் பிரிந்துவிட்டது. பார்த்துக்கொண்டிருந்த எதிர்வீட்டு அக்கா, "எனக்கும் தோள் இறுகிப்போச்சும்மா, இதை வாங்கலாமா?" என்றார். "வாங்காதீங்கக்கா" என்று படக்கென்று சொல்லிவிட்டேன். காரணத்தை இங்கே எழுதுகிறேன்.

எனக்கு சுகர் உண்டு. சுகர் இருப்பவர்களுக்கு ஃப்ரோசன் ஷோல்டர், அதாவது தோள் இறுகிப்போவது, அதிகம் வரும் என்பதே பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தான் தெரியும். மூட்டைச் சுற்றியிருக்கும் உறை தடித்துச் சுருங்கிவிடுகிறதாம். கோனியோமீட்டர் என்று, பாகைமானிக்கு இரண்டு கை முளைத்த மாதிரி ஒன்றை வைத்து அளந்தார்கள். முன்பக்கமாக 180 டிகிரி வரை உயர வேண்டிய வலது கை 95-லேயே நின்றது. இப்போது 160.

புல்லி இல்லாமல் இது நடந்திருக்காது. நல்ல கை இழுக்க, இறுகிய கை பாரமில்லாமல் மேலே போகும். ஞாயிறுதோறும் சுவரில் விரல்களை நடத்தி, நுனி தொட்ட இடத்தில் பென்சில் கோடு போட்டுத் தேதி எழுதுவேன். மூன்று வாரம் ஒரே இடத்தில் கோடு மேல் கோடு விழுந்ததும் உண்டு. காலண்டர் ஆணியைக் கோடு தாண்டிய அன்று அழுதுவிட்டேன்.

ஆனால் அந்தக் கதவு! புல்லி தொங்கும் பட்டையை இடுக்கில் வைத்து மூடினால்தான் அது நிற்கும். எங்கள் ராயபுரம் வீட்டில் பாத்ரூம் கதவு பிளாஸ்டிக், பாரம் தாங்காது. மிச்சம் தெருக்கதவு ஒன்றுதான். ஒருநாள் கை உச்சியில் இருக்கும்போது வெளியிலிருந்து யாரோ தள்ள, பட்டை நழுவிக் கை பொத்தென்று விழுந்தது. மூன்று ராத்திரி தூக்கமில்லை. இப்படி நடக்கும் என்று யோசிக்காமலா இதைச் செய்தார்கள்?

இன்னொன்று. இழுக்கும்போது தோள் காதுப் பக்கம் ஏறிக்கொள்ளும். கை உயர்ந்துவிட்டதாக நமக்குத் தோன்றும். கண்ணாடி முன்னால் செய்தால்தான் தெரியும். அதோடு, இந்த நோயில் முதலில் போவது கை வெளிப்பக்கம் திரும்புவது. அதற்குப் புல்லி உதவவே இல்லை. முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, பழைய மாப் கம்பை இரண்டு கையிலும் பிடித்து, நல்ல கையால் வெளியே தள்ளித் தள்ளித்தான் கொஞ்சம் வந்தது. முதுகுப் பக்கம் கை கொண்டுபோவது இன்னும் சிரமம்தான்.

இப்போது புல்லி தொங்குவது கூரையில், பிள்ளைகளுக்குத் தூளி கட்டிய இரும்புக் கொக்கியில். கதவுப் பட்டையைத் தூக்கிப் போட்டாயிற்று. அக்கா வீட்டுக் கூரையிலும் அந்தக் கொக்கி இருக்கிறது. ஒரு சின்னக் கப்பியும் கயிறும் போதும். அதற்கு முன்னால் அவரைப் பிசியோவிடம் கூட்டிப்போய், கை வெளிப்பக்கம் எவ்வளவு திரும்புகிறது என்று அளக்கச் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை போகிறோம்.