நிறை மெஷினா, தையல் டேப்பா?

சீனி வருத்தம் எங்கள் குடும்பத்துக்குப் பரம்பரைச் சொத்து. உடம்பைக் கண்காணிக்க வீட்டில் ஏதாவது வேண்டும் என்று ஹட்டன் டவுனில் தேடியபோது இரண்டுதான் கைக்கு எட்டின: ஏறி நிற்கிற நிறை மெஷின், தையல் டேப். நான் டேப்போடு வீடு வந்தேன்.

மெஷின் மோசமில்லை. ஏறினால் எண் வரும், வாதாட இடமில்லை. அதை உயரத்தோடு சேர்த்துக் கணக்குப் போட்டால் பிஎம்ஐ. ஆசியர்களுக்கு 23ஐத் தாண்டினாலே கவனம் வேண்டும். என்ன, எங்கள் லயத்துத் தரை மேடு பள்ளம். ஒரு சாண் தள்ளி வைத்தால் வேறு எண்.

தரையைக்கூடச் சமாளிக்கலாம். கொழுப்பு உடம்பில் எங்கே இருக்கிறது என்பதை மெஷின் சொல்லாதே! அதுதான் முக்கியம் என்று பிரான்சின் மார்செய் நகர வைத்தியர் ழான் வாக் 1947லேயே எழுதினார். தொடையில் கொழுப்பு கூடும்போது அங்கே புதிய சின்னக் கொழுப்புக் கலங்கள் (செல்கள்) உண்டாகிப் பங்குபோட்டுக்கொள்கின்றன. வயிற்றுத் தோலுக்கடியில் பெரும்பாலும் இருக்கிற கலங்களே உப்புகின்றன. உப்பிய கலம் இன்சுலின் சொல்வதைச் சரியாகக் கேட்காது. கொழுப்பமிலத்தை இரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். மிஞ்சியது ஈரலிலும் குடலைச் சுற்றியும் போய்த் தங்கும்.

அம்மாவும் சின்னம்மாவும் ஏறக்குறைய ஒரே நிறை. அம்மாவுக்கு இடுப்புக்குக் கீழே கனம். சின்னம்மாவுக்குக் கால்கள் குச்சி, வயிறுதான் முன்னுக்கு. சீனி வந்தது சின்னம்மாவுக்கு. இரண்டு பேரை வைத்துச் சட்டம் எழுத முடியாதுதான். ஆனால் மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்குக் கொழுப்பு வயிற்றுப் பக்கம் சேர்வது பொதுவானது. நிறை கூடாமலேயே அது நடக்கலாம். தெற்காசியப் பெண்களுக்கு 80 சென்டிமீற்றர், ஆண்களுக்கு 90 என்பது இடுப்புச் சுற்றளவின் எல்லை.

அளப்பதில்தான் ஏமாற்று நடக்கும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, மூச்சைச் சாதாரணமாக விட்டதும், வெறும் தோலில் அளக்க வேண்டும். அப்பா சாரத்தைச் சுருட்டிக் கட்டியபடியே வந்து நிற்பார். அந்தச் சுருட்டே எண்ணைக் கூட்டிவிடும். சாரத்தை இறக்கச் சொன்னால் வயிற்றை எக்குவார்.

இன்னொன்று, மெலிந்தாலும் கொழுப்புக் கலங்களின் எண்ணிக்கை அநேகமாகக் குறைவதில்லை, அவை சுருங்கத்தான் செய்கின்றன. விட்டால் திரும்ப நிரம்பும். அதனால் ஒரு மாதம் பார்த்துவிட்டு டேப்பை மேசைக்குள் போட முடியாது.

கர்ப்பிணிகளுக்கு இந்த அளவு சரிவராது. கொழுப்பு வீதம் காட்டும் மெஷினில் நான் கடையில் ஏறிப் பார்த்ததோடு சரி, அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். டேப் வாங்கினால், துணி டேப் நாளாக இழுபடும். அவ்வப்போது பிள்ளைகளின் அடிமட்டத்தோடு வைத்துப் பாருங்கள்; பொருந்தாவிட்டால் வேறு வாங்குங்கள்.