பாலித் தீவுக்குப் பயணத் தொகுப்பு வாங்குவோர் கவனத்துக்கு: நியேபி நாளும், முக்குளித்த மறுநாள் மலையேற்றமும்

நானும் என் கணவரும் 2025 மார்ச் 27 முதல் ஏப்ரல் 2 வரை இந்தோனேசியாவின் பாலித் தீவுக்குச் சென்று வந்தோம். சென்னையில் அலுவலகம் வைத்திருக்கும் ஒரு பயண முகவரிடம், விமானக் கட்டணம் நீங்கலாக இருவருக்குமாக ₹1,12,000 கட்டியிருந்தோம். கோயில்கள், கெச்சாக் நடனம், வயல்வெளி மிதிவண்டிப் பயணம், ஸ்கூபா முக்குளிப்பு, எரிமலை ஏற்றம் என்று பண்பாட்டையும் உடலுழைப்பையும் சேர்த்துத் தருவதாகச் சொல்லி விற்கப்பட்ட தொகுப்பு அது. புகார் நிலுவையில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. பணம் போனது மட்டுமாக இருந்திருந்தால் இந்தப் பதிவை எழுதியிருக்க மாட்டேன். அந்தத் தீவின் நாட்காட்டியையும் மனித உடலின் இயல்பையும் அறியாத ஒருவர் வகுத்த பயணத் திட்டம் எங்களை எவ்வளவு பெரிய ஆபத்தின் விளிம்புவரை கொண்டுபோனது என்பதைச் சொல்லவே எழுதுகிறேன்.

எங்களுக்குத் தரப்பட்ட திட்டப்படி, மார்ச் 28 மாலை ஊலுவாத்து கோயிலில் கெச்சாக். 29 அன்று தம்பாக்சிரிங்கில் உள்ள தீர்த்த எம்புல் கோயிலும் ஜாத்திலூவி வயல்களில் மிதிவண்டியும். 30 அன்று துலாம்பனில் ஸ்கூபா. 31 அன்று உபுதில் ஓய்வு. ஏப்ரல் 1 விடியற்காலையில் பாத்தூர் எரிமலை. தாளில் பார்க்கையில் நன்றாகவே இருந்தது. ஆனால் 2025 மார்ச் 29, சனிக்கிழமை, பாலியில் நியேபி.

நியேபி என்பது பாலி இந்துக்களின் சக ஆண்டுப் பிறப்பு. இந்திய அரசின் தேசிய நாட்காட்டி பின்பற்றும் அதே சக ஆண்டுக் கணக்குதான். அன்று அவர்களுக்கு 1947 பிறந்தது. அந்தப் பிறப்பை அவர்கள் மௌனத்தால் கொண்டாடுகிறார்கள். காலை ஆறு மணியிலிருந்து மறுநாள் காலை ஆறு மணிவரை நெருப்பும் விளக்கும் இல்லை, வேலை இல்லை, பயணம் இல்லை, கேளிக்கை இல்லை. விமான நிலையமே இருபத்து நான்கு மணி நேரம் மூடப்படுகிறது. கைபேசி இணையமும் நிறுத்தப்படுகிறது. கறுப்பு உடையும் கட்டம்போட்ட இடுப்புத் துணியும் அணிந்த பெச்சாலாங் எனப்படும் ஊர்க் காவலர்கள் மட்டும் தெருவில் நடமாடுகிறார்கள். மருத்துவ அவசரம் தவிர வேறு எதற்கும், சுற்றுலாப் பயணிகள் உட்பட, எவரும் விடுதி வாசலைத் தாண்டக்கூடாது. அப்படிப்பட்ட நாளில் எங்களுக்குக் கோயில் தரிசனமும் மிதிவண்டிப் பயணமும் விற்கப்பட்டிருந்தன. 27 இரவு விடுதி வரவேற்பறையில் இருந்த பெண், எங்கள் திட்டத்தாளைப் பார்த்துவிட்டு மிகுந்த தயக்கத்தோடு இதை எடுத்துச் சொன்னபோதுதான் எங்களுக்கே தெரிந்தது.

முந்தைய நாள் மாலையும் வீணாயிற்று. நியேபிக்கு முதல் நாள் மாலை ஊர்தோறும் ஒகோ-ஒகோ ஊர்வலம் நடக்கும் என்பதால் சாலைகள் அடைக்கப்பட்டு, ஊலுவாத்துக்குப் போகவே முடியவில்லை. ஆனால் ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். மூங்கிலாலும் காகிதத்தாலும் அந்தந்த ஊர் இளைஞர்கள் வாரக்கணக்கில் உழைத்துச் செய்த பூத உருவங்களைத் தோளில் சுமந்து, நாற்சந்தியில் சுழற்றி ஆட்டும் அந்தக் காட்சியும், மறுநாள் ஒரு வண்டிச் சத்தமும் இல்லாத பகலும், விளக்கே எரியாத தீவின் மேல் நிறைந்து கிடந்த நட்சத்திரங்களும் நான் வாழ்நாளில் கண்டவற்றுள் அரியவை. முன்கூட்டியே சொல்லியிருந்தால் அதற்காகவே நாங்கள் போயிருப்போம். நியேபியின்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அது நடப்பதை மறைத்தோ அறியாமலோ அந்த நாளுக்கும் பணம் வாங்கியதுதான் குறை.

நியேபி பல ஆண்டுகளில் நம் பக்கத்துத் தெலுங்கு வருடப் பிறப்பை ஒட்டி வரும். சில ஆண்டுகளில் ஒரு மாதம் முன்னதாகவே வந்துவிடும். 2024-இல் மார்ச் 11 அன்று வந்தது. 2026-இல் மார்ச் 19. மார்ச் மாதத்தில் பாலிக்குத் திட்டமிடுபவர்கள் பயணச்சீட்டு எடுக்கும் முன் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இழந்த ஒரு நாளை ஈடுகட்ட முகவர் செய்த காரியம்தான் இந்தப் பதிவின் மையம். 29-க்கு உரியவற்றை 30-க்கும், 30-க்கு உரிய ஸ்கூபாவை 31-க்கும் தள்ளினார். ஓய்வு நாள் மறைந்தது. 31 பகலில் கடலடியில் முக்குளித்துவிட்டு, அன்று மாலையே மகிழுந்தில், பாத்தூரை ஒட்டிய மலைப்பகுதியான கிந்தாமணிக்கு ஏறி, இரவு இரண்டரை மணிக்கு எழுந்து பாத்தூர் ஏறுவது என்று வாட்ஸ்அப்பில் புதிய திட்டம் வந்தது. எங்களுக்கு அதில் தவறேதும் தெரியவில்லை. ஒரு நாளும் வீணாகவில்லையே என்று நன்றிகூடச் சொன்னோம்.

துலாம்பன் தீவின் வடகிழக்குக் கரையில் உள்ள சிற்றூர். 1942 ஜனவரியில் ஜப்பானிய நீர்மூழ்கியால் தாக்கப்பட்ட லிபர்ட்டி என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பல் அங்கே கரையேற்றிக் கைவிடப்பட்டது. 1963-இல் ஆகுங் எரிமலை வெடித்தபோது அது கடலுக்குள் சரிந்தது. இன்று பவளமும் மீன்களும் மொய்க்க, கரையிலிருந்து நீந்திச் சென்றே பார்க்கும் தொலைவில் கிடக்கிறது. கூழாங்கற்கள் நிறைந்த அந்தக் கரையில் காற்று உருளைகளைத் தலையில் சுமந்து வருபவர்கள் ஊர்ப் பெண்கள்.

அங்கிருந்த உள்ளூர்ப் பயிற்றுநர், எங்கள் பெயரில் இணையம் வழியே ஏற்கெனவே வந்திருந்த உடல்நலப் படிவங்களைக் கையில் வைத்துக்கொண்டே ஒவ்வொரு கேள்வியையும் மீண்டும் வாய்மொழியாகக் கேட்டார். அப்படியொரு படிவத்தை நாங்கள் நிரப்பவே இல்லை. என் கணவருக்கு வயது 53; ஆறு ஆண்டுகளாக ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். பணம் கட்டும்போதே முகவரிடம் சொல்லியிருந்தோம். நாற்பத்தைந்து வயதைக் கடந்தவருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தால், மருத்துவரின் ஒப்புதல் இல்லாமல் முக்குளிக்க விடக்கூடாது என்பது அந்தப் படிவத்தின் விதி. ஆனால் எல்லாக் கேள்விக்கும் ‘இல்லை’ என்று குறிக்கப்பட்டு, கீழே அவர் பெயரில் ஒரு கையெழுத்தும் இருந்தது. பயிற்றுநர் அவரைக் கடலுக்குள் அழைத்துச்செல்ல மறுத்துவிட்டார். அந்த மறுப்புக்கு இன்றும் அவருக்கு நன்றி சொல்கிறேன்.

நான் மட்டும் இருமுறை முக்குளித்தேன். பயிற்சிச் சான்றிதழ் இல்லாத அறிமுக முக்குளிப்புக்கு உரிய 12 மீட்டர் எல்லையை அவர் ஒருபோதும் தாண்டவில்லை. பகல் ஒரு மணிக்குக் கரையேறி, உபகரணங்களை நல்ல தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தபோது, நாளை எங்கே போகிறீர்கள் என்று இயல்பாகக் கேட்டார். பாத்தூர் என்றேன். அவர் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டார்.

அவர் விளக்கியதை, பின்னர் நான் படித்துத் தெரிந்துகொண்டதோடு சேர்த்துச் சொல்கிறேன். நீருக்குள் பத்து மீட்டர் இறங்கினாலே உடலின் மேல் அழுத்தம் இரு மடங்காகிறது. அந்த அழுத்தத்தில் நாம் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் திசுக்களிலும் கூடுதலாகக் கரைகிறது. கரையேறிய பிறகு அது மெதுவாக, பல மணி நேரம் எடுத்துக்கொண்டு, மூச்சு வழியே வெளியேறும். அதற்குள் உயரமான இடத்துக்குப் போனால், அங்கே காற்றழுத்தம் குறைவு என்பதால், கரைந்திருக்கும் வாயு குமிழ்களாகப் பிரியக்கூடும். மூட்டுவலி, மரத்துப்போதல், சில வேளைகளில் பக்கவாதம் வரைக்கும் அது கொண்டுபோய்விடும். முக்குளித்தவுடன் விமானம் ஏறக்கூடாது என்பதைப் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். மலை ஏறுவதும் அதே கணக்குதான் என்பதை நான் அறிந்திருக்கவில்லை. ஒருமுறை முக்குளித்தால் குறைந்தது 12 மணி நேரம், பலமுறை முக்குளித்தால் 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது முக்குளிப்புப் பாதுகாப்பு அமைப்பான டேன் தரும் வழிகாட்டுதல். பாத்தூரின் உச்சி 1,717 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடற்கரையைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. புதிய திட்டப்படி நான் ஆறு மணி நேரத்துக்குள்ளாகவே கிந்தாமணியில், ஆயிரம் மீட்டருக்கு மேல் இருந்திருப்பேன். அதன் பிறகு, மூச்சிரைக்க ஏறும் இரண்டு மணி நேரச் சரிவு வேறு.

முகவரை அழைத்தோம். “எல்லாரும் போறாங்க மேடம், ஒண்ணும் ஆகாது” என்றார். மலைக்குப் போகாவிட்டால் பணம் திரும்பாது என்றும், கிந்தாமணி விடுதிக்குக் கட்டிய பணமும் போய்விடும் என்றும் சொன்னார். படிவத்தைப் பற்றிக் கேட்டதும் தொடர்பைத் துண்டித்தார். அன்றிரவு எங்கள் சொந்தச் செலவில் துலாம்பனிலேயே, கடல் மட்டத்திலேயே தங்கினோம். ஓட்டுநர் பாவம், இரு பக்கமும் பேச முடியாமல் தவித்தார்.

இன்னொன்றும் உண்டு. வெளிநாட்டுப் பயணிகளிடம் 2024 பிப்ரவரி 14 முதல் தீவு நிர்வாகம் வாங்கும் 1,50,000 ரூப்பியா வரியும் தொகுப்பில் அடக்கம் என்று ரசீதில் போட்டிருந்தது. அது கட்டப்படவே இல்லை. அதை அரசின் ‘லவ் பாலி’ தளத்தில் நீங்களே நேரடியாகக் கட்டிவிடலாம். முகவரிடம் கொடுக்க வேண்டியதே இல்லை.

இப்படிப்பட்ட தொகுப்பை வாங்குகிறவர்கள், எந்த நாளில் கடல், எந்த நாளில் மலை, எந்த நாளில் விமானம் என்பதைத் தாங்களே வரிசையாக எழுதிப் பாருங்கள். மலையை முதலிலும் கடலைப் பின்னாலும், திரும்பும் விமானத்துக்கு முன் ஒரு முழு நாள் இடைவெளியும் வைக்கச் சொல்லுங்கள். உடல்நலப் படிவத்தை முகவர் நிரப்ப அனுமதிக்காதீர்கள். முக்குளிப்புப் பயிற்சி நிலையத்தின் பெயரை முன்பே கேட்டு வாங்கி, அவர்களுக்கு நேரடியாக எழுதுங்கள். பெயரைத் தர மறுக்கும் முகவரிடம் பணம் கட்டாதீர்கள்.

ஊர் திரும்பியதும் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தோம். நிறுவனம் ₹8,000 தருவதாகவும், அதற்கு ஈடாக எழுத்துமூலம் புகாரைத் திரும்பப் பெற வேண்டும் என்றும் பதில் அனுப்பியது. நாங்கள் ஏற்கவில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம் என்பதால், கோயம்புத்தூர் மாவட்ட ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறோம். செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. துலாம்பன் பயிற்றுநர் அந்தப் படிவத்தின் நகலை மின்னஞ்சலில் அனுப்பி உதவினார். என் கணவர் போடாத அந்தக் கையெழுத்துதான் எங்கள் மனுவின் முதல் இணைப்பு.