தீர்ப்பா, சட்டமா: அமெரிக்காவை எது மாற்றியது?

வேகம்
தீர்ப்பு: உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளில் 5 பேர் போதும். பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்று 1954-ல் 9 பேருமே சொன்னார்கள்.
சட்டம்: இழுபறி. இனப் பாகுபாட்டைத் தடை செய்த 1964 சிவில் உரிமைச் சட்டத்தில், செனட் (மேலவை) விவாதத்தை முடிக்கவே 67 வாக்கு வேண்டியிருந்தது; 71 கிடைத்தது.

அமலாக்கம்
தீர்ப்பு: சறுக்கல் இங்கேதான். நீதிமன்றம் கெடு விதிக்கவில்லை. தென் மாநிலங்கள் காலம் கடத்தின. ஆர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில் 9 கறுப்பின மாணவர்களைப் பள்ளிக்குள் அழைத்துப்போக 1957-ல் ராணுவமே வந்தது.
சட்டம்: பாகுபாடு காட்டும் பள்ளிக்கு மத்திய நிதி கிடையாது. பணத்தில் கைவைத்ததும் வழிக்கு வந்தார்கள்.

ஆயுள்
தீர்ப்பு: 1973-ல் வந்த கருக்கலைப்பு உரிமை 2022-ல் போனது.
சட்டம்: இதுவும் இரும்பல்ல. 1965 வாக்குரிமைச் சட்டத்தின் முக்கியப் பகுதி 2013-ல் நீதிமன்றத்திலேயே விழுந்தது.

நாடாளுமன்றத்தில் ஆள்பலம் இல்லாதவர்களுக்குத் தீர்ப்பு. பள்ளி, வேலை, ஓட்டல் வாசலில் மாற்றம் தெரிய வேண்டுமென்றால் சட்டம்தான்.