‘கடையை மூடுகிறோம்’ என்று கண்கலங்கும் புத்தகக் கடையில் வாங்காதீர்கள்

நான் இருப்பது ஆலிஸ் ஸ்பிரிங்ஸில். ஆஸ்திரேலியாவின் நட்டநடு. தெற்கே அடிலெய்டு 1,500 கிலோமீட்டர், வடக்கே டார்வினும் ஏறக்குறைய அவ்வளவே. ஊரில் கிடைக்காத புத்தகம் என்றால் ஆன்லைன்தான். முன்பு புக் டெபாசிடரி என்ற ஆன்லைன் புத்தகக் கடை இருந்தது, டெலிவரிக்குக் காசு கிடையாது. 2023 ஏப்ரலில் அதை மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு கண்ட இடத்தில் மலிவு தேட ஆரம்பித்தேன்.

ஃபேஸ்புக்கில் ஒரு விளம்பரம் வந்தது. அடிலெய்டில் முப்பது வருடம் கடை நடத்திய வயதான தம்பதி, இந்த மாதத்தோடு மூடுகிறார்களாம். புத்தக அலமாரிக்கு முன்னால் இருவரும் நிற்கிற படம். எல்லாவற்றுக்கும் 70 சதவீதம் தள்ளுபடி. மனசு இளகிவிட்டது (தள்ளுபடியும் கொஞ்சம் இளக்கியது). பையனுக்காக ஒரு பறவைக் கையேடு, கூட மூன்று புத்தகம், மொத்தம் 86 டாலர்.

மூன்று வாரமாகியும் வரவில்லை. நான் அலட்டிக்கொள்ளவில்லை. இங்கே பார்சல் தாமதமாவது சகஜம். 2022 தொடக்கத்தில் வெள்ளத்தில் ரயில் பாதையும் ஸ்டுவர்ட் நெடுஞ்சாலையும் அடைபட்டபோது சூப்பர்மார்க்கெட் அலமாரியே காலியாகக் கிடந்த ஊர் இது. ‘சாலைப் பிரச்சினை, பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்று அவர்கள் மெயில் போட்டதும் அப்படியே நம்பினேன். நம் பொறுமைதான் அவர்களுக்கு முதலீடு என்று அப்போது உறைக்கவில்லை.

ஏழாவது வாரம் பார்சல் வந்தது. அடிலெய்டு முத்திரை இல்லை, வெளிநாட்டு ஸ்டிக்கர். பிரித்தால், யாரோ புத்தகத்தை விரித்துவைத்து ஸ்கேன் செய்து அச்சடித்தது. 143ஆம் பக்க ஓரத்தில் ஒரு கட்டைவிரல்கூடப் பதிந்திருந்தது. கலர் கிடையாது. இங்கே தினமும் பார்க்கிற காலா கிளிக்கு நெஞ்செல்லாம் ரோஸ். புத்தகத்தில் அதுவும் சாம்பல், வெள்ளைக் கொரெல்லாக் கிளியும் சாம்பல். “எல்லாமே காக்காவாப்பா?” என்றான் பையன்.

புகார் சொன்னதும், ‘அன்பு நண்பரே, புத்தகத்தை வைத்துக்கொள்ளுங்கள், 15 சதவீதம் தருகிறோம்’ என்றார்கள். மறுத்தேன். 20. பிறகு 30. திருப்பி அனுப்பலாம், ஆனால் வெளிநாட்டு முகவரிக்கு, தபால் செலவு என்னுடையது. விசாரித்தால் அந்தச் செலவு புத்தக விலையைத் தாண்டியது. இந்தப் பேரத்திலேயே ஒரு மாதம் ஓடிவிட்டது. கார்டில் கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்க ஒரு கெடு உண்டு, அது வங்கிக்கு வங்கி மாறும். எனக்குப் பத்து நாள்தான் பாக்கி என்றார் வங்கியில் பேசிய பெண். விளம்பரம், மெயில், கட்டைவிரல் பக்கம் எல்லாவற்றையும் படமெடுத்து அனுப்பிய பிறகு, ஆறு வாரம் கழித்துப் பணம் வந்தது.

வாங்கும் முன் நான் பார்த்திருக்க வேண்டியது இரண்டே நிமிட வேலை. இங்கே முறையாகத் தொழில் செய்கிறவர்களுக்கு ஏபிஎன் (ABN) என்கிற 11 இலக்க வணிக எண் இருக்கும். அரசின் ஏபிஎன் லுக்கப் தளத்தில் இலவசமாகத் தேடலாம். அந்தக் கடையின் பக்கத்தில் அப்படி எந்த எண்ணும் இல்லை, தெரு முகவரியும் இல்லை. திருப்பி அனுப்பும் விதிகளில் மட்டும் பொடி எழுத்தில் வெளிநாட்டுக் கிடங்கு.

மோசடிகளைப் புகார் செய்யும் அரசுத் தளமான ஸ்காம்வாட்சில் பதிந்தேன். போன வாரம் மறுபடி அதே தம்பதி, அதே அலமாரி, வேறு பெயர். இந்த முறை பெர்த்தில் கடையை மூடுகிறார்கள்.