நரம்பில் ஊசியா, தோலடியில் ஊசியா?

கடுமையான ஹீமோஃபிலியா ஏ (ரத்தம் எளிதில் உறையாத பிறவிக் குறை) உள்ள பிள்ளைக்கு ரத்தக்கசிவைத் தடுக்க, ரத்தத்தை உறைய வைக்க உதவும் புரதமான ஃபேக்டர் 8 கொடுப்பது பழகிய வழி. உடலில் அது ஏறக்குறைய 12 மணி நேரத்தில் பாதியாகிவிடும், குழந்தைகளுக்கு இன்னும் சீக்கிரம். அதனால் பெரும்பாலும் வாரம் மூன்று தடவை நரம்பில் ஏற்ற வேண்டும். பிஞ்சுப் புறங்கையைத் தட்டித் தட்டி நரம்பு தேடும் அம்மாவுக்கும் கண் கலங்கும், பிள்ளைக்கும் கலங்கும்.

இன்னொரு மருந்தான எமிசிசுமாப் தோலடியில் போடுவது. முதல் நான்கு வாரம் வாராவாரம்; அப்புறம் நான்கு வாரத்துக்கு ஒன்றுகூடப் போதும். ஃபேக்டர் 8-ஐ முடக்கும் இன்ஹிபிட்டர் என்ற எதிர்ப்பொருள் உடலில் உருவானவர்களுக்கும் இது வேலை செய்யும். விலை கட்டுப்படியானால் நான் இதைத்தான் சொல்வேன். உள்ளே ரத்தம் கசிந்து முட்டி வீங்காமல் பள்ளிக்குப் போகிற நாள் அத்தனை பெரிது.

சரி, அடிபட்டு ரத்தம் கசிந்தால்? இன்ஹிபிட்டர் இல்லாதவருக்கு அப்போது ஃபேக்டர் 8-தான். அதை வீட்டில் வைத்திருங்கள்.